செல்லுமா, செல்லாதா: இணையவழிப் புத்தொளிப் பயிற்சி குறித்து ஒரு கல்லூரி ஆசிரியரின் மதிப்பீடு

பருவத் தேர்வு வினாத்தாள்கள் அச்சுக்குப் போகும் வேளையில்தான் எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் பயிற்சி அறிவிப்புகளும் வந்து குவியும். ஒரு மூலையில் பல்கலைக்கழக இலச்சினை, மறு மூலையில் அமைச்சகத்தின் இலச்சினை, நடுவில் தேதி, கீழே பொறுப்பாளர்களின் மார்பளவுப் படங்கள் என்று எல்லா அறிவிப்பும் ஒரே அச்சில் வார்த்தெடுத்தது போலவே இருக்கும். அதைப் பார்த்ததும் ஆசிரியர் அறையில் எழும் முதல் கேள்வி, என்ன சொல்லித் தருவார்கள் என்பதன்று, "சார், இது காஸுக்குச் செல்லுமா?" என்பதுதான். பணி மேம்பாட்டுத் திட்டத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தை நாங்கள் அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். கேட்பவர் காதில் அது காசு என்று விழுந்தாலும் பெரிய பிழையில்லை.

நான் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். மாளவியா திட்டம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின்கீழ், வெளிமாநில மையம் ஒன்று இணையவழியில் நடத்திய இரண்டு வாரப் புத்தொளிப் பயிற்சியை, அதாவது பணியிலிருக்கும் ஆசிரியருக்கான ரெஃப்ரெஷர் கோர்ஸை, கடந்த டிசம்பரில் முடித்தேன். இதற்கு முன்பு விடுதியில் தங்கிப் பயின்ற பழைய ஓரியண்டேஷன் என்னும் அறிமுகப் பயிற்சி, அறிவியல் அகாதமிகளின் ஆய்வகப் பயிற்சி, என்பிடெல் என்னும் இணையவழிப் படிப்பு ஆகியவற்றிலும் மாணவனாக உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த பருவத்துக்கு எதில் பெயர் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் சக ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால், இதை ஒரு கடைச் சரக்கை மதிப்பிடுவது போலவே எழுதுகிறேன்.

முதலில் சரக்கின் பூர்வீகத்தைச் சொல்லிவிட வேண்டும். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, கல்லூரி ஆசிரியருக்கும் பணியிடைப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணத்தில், பல்கலைக்கழக மானியக் குழு 1987 முதல் பல பல்கலைக்கழகங்களில் பணியாளர் கல்லூரிகளைத் தொடங்கியது. அவை 2015இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்று பெயர் மாறின. 2023 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, மதன் மோகன் மாளவியாவின் பெயரில் புதிய திட்டம் தொடங்கப்பட்டு, நாடு முழுவதும் 111 மையங்கள் வழியாக உயர்கல்வி ஆசிரியர்கள் 15 லட்சம் பேருக்குப் பயிற்சி அளிப்பது என்று இலக்கு வைக்கப்பட்டது. நம் பக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம், பாரதியார், பாரதிதாசன் ஆகியவற்றில் இருந்த பழைய மையங்களும் இந்தப் பெயர் மாற்றங்களின் ஊடே வந்தவைதாம். இன்றும் எங்கள் மூத்த பேராசிரியர்கள் "ஸ்டாஃப் காலேஜ்" என்றே சொல்கிறார்கள்.

பதவி உயர்வுக்கும் இதற்குமான முடிச்சு மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் இருக்கிறது. உதவிப் பேராசிரியர் ஒருவர் ஊதியத்தில் பத்தாம் நிலையிலிருந்து பதினொன்றாம் நிலைக்கு நகர வேண்டுமானால், முனைவர் பட்டம் பெற்றவராயின் நான்கு ஆண்டுகளும், எம்.ஃபில். மட்டும் உடையவராயின் ஐந்து ஆண்டுகளும், இரண்டும் இல்லாதவராயின் ஆறு ஆண்டுகளும் பணி முடித்திருப்பதோடு, 21 நாள் ஓரியண்டேஷன் ஒன்றையும் முடித்திருக்க வேண்டும். அதற்கும் மேலாக ஒரு புத்தொளிப் பயிற்சியையோ, அதற்கு ஈடாகச் சொல்லப்பட்ட ஒருவாரப் பயிற்சிகள் இரண்டையோ, இணையவழிப் படிப்பு ஒன்றையோ காட்டியாக வேண்டும். மேல்நிலைகளுக்கும் இதே போன்ற கணக்குகள் உண்டு. ஆகவே ஆசிரியர் அறையின் அந்த முதல் கேள்வியை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு சான்றிதழ் குறைந்ததால் ஊதிய நிலுவை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனவர்களை எல்லாக் கல்லூரிகளிலும் பார்க்கலாம்.

பயிற்சியைவிடக் கடினமான பகுதி, அதில் சேர்வதற்குக் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்குவது. மையங்கள் தங்கள் ஆண்டு அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகின்றன. ஆனால் அது நம்மை வந்து சேர்வது யாரோ ஒருவர் அனுப்பிய படமாகத்தான். எனக்கு அது வந்தபோது பதிவு முடிய ஐந்து நாள் இருந்தது. முதல்வரின் பரிந்துரைக் கடிதம் தட்டச்சாகி மேசைக்குப் போனது; முதல்வர் ஆய்வுக்குழுப் பணியாக வெளியூரில் இருந்தார். "அவர் வந்ததும் முதல் கையெழுத்து உங்களதுதான் சார்" என்று அலுவலக உதவியாளர் மூன்று நாளும் ஒரே குரலில் சொன்னார். கடைசி நாள் மாலை நாலரை மணிக்குக் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன. அந்தத் தாளைச் சன்னல் ஓர வெளிச்சத்தில் வைத்துக் கைப்பேசியில் படம்பிடித்து ஏற்றினேன். படத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் விழுந்திருந்தது. நல்ல வேளையாக ஏற்றுக்கொண்டார்கள்.

பயிற்சி காலை ஒன்பதரை மணிக்குத் தொடங்கும். ஒன்றரை மணி நேர அமர்வுகள் நாளொன்றுக்கு நான்கு. நடுவில் உணவு இடைவேளை. எழுபதுக்கும் மேற்பட்டோர் இருந்தோம்: வணிகவியல், தாவரவியல், சட்டம், உடற்கல்வி என்று துறைக்கு ஒருவராக, அசாம் முதல் கேரளம் வரை. ஆராய்ச்சியும் மேம்பாடும், இந்திய அறிவு மரபுகள், கல்வித் தலைமையும் நிர்வாகமும், மாணவர் பன்மைத்துவம், தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் என்று திட்டம் வகுத்துள்ள எட்டுப் பொருள்களில் பெரும்பாலானவை எல்லாத் துறையினருக்கும் பொதுவானவை. இதில் ஒரு நன்மையும் ஒரு குறையும் சேர்ந்தே வருகின்றன. பிற துறைக்காரரின் பாடு தெரிகிறது. ஆனால் எந்த அமர்வும் யாருடைய பாடத்துக்குள்ளும் ஆழமாக இறங்குவதில்லை. புத்தொளி என்றால் தன் பாடத்தில் புதிதாக வந்திருப்பதை அறிவது என்ற பழைய பொருளோடு போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார்.

தொடக்க விழா ஒரு மணி இருபது நிமிடம் நடந்தது. பல்கலைக்கழகப் பண் ஒலித்தது. முன்பே பதிவு செய்த குத்துவிளக்கு ஒன்று திரையில் எரிந்தது. சிறப்பு விருந்தினர் பெற்ற விருதுகளை அறிமுகம் செய்தவர் ஒன்றுவிடாமல் படித்தார். நேரில் நடக்கும் விழாவில் பின்வரிசையில் இருந்தபடி செய்தித்தாள் பார்க்கலாம். இணையத்தில் அந்த வசதிகூட இல்லை, ஏனென்றால் அன்று ஒருநாள் மட்டும் எல்லோரும் ஒளிப்படக் கருவியைத் திறந்து வைக்க வேண்டும் என்று உத்தரவு.

இனி நல்லதைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் வினாத்தாள் அமைப்பு குறித்துப் பேச வந்தவர் ஒரு படவில்லையும் கொண்டுவரவில்லை. எங்களில் ஒவ்வொருவரும் கடைசியாக எடுத்த வினாத்தாளிலிருந்து ஒரு வினாவை அரட்டைப் பெட்டியில் இடச் சொன்னார். நான் "ஓம் விதியைக் கூறுக" என்பதை இட்டேன். இருபது ஆண்டுகளாக எல்லோரும் கேட்கும் இரண்டு மதிப்பெண் வினா. அவர் அதை எடுத்துக்கொண்டு, "இதற்கு விடை எழுதும் மாணவருக்கு ஓம் விதி தெரியும் என்று உங்களால் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். பிறகு அவரே ஒரு மின்விளக்கின் மின்னழுத்த, மின்னோட்ட அளவீடுகள் நான்கைத் திரையில் எழுதி, இது ஓம் விதிக்கு உட்படுகிறதா, இல்லையென்றால் இழையில் என்ன நடக்கிறது என்று மாற்றிக் கேட்டார். இழை சூடேறும்போது அதன் மின்தடை கூடும் என்பதை அறிந்தவன்தான் அந்த நான்கு எண்களுக்கு விளக்கம் சொல்ல முடியும். இயற்பியல் படிக்காத ஒருவர் என் பாடத்தின் வினாவை என் கண்முன்னே திருத்தியது கொஞ்சம் சுட்டது. இந்தப் பருவத்து உள்மதிப்பீட்டில் அந்த வினாவைக் கேட்டேன். அறுபது பேரில் சரியாக எழுதியவர்கள் பதினொருவர்.

கருத்துத் திருட்டு பற்றிய அமர்வும் தேறியது. மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி பிறர் எழுத்தோடு பத்து விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் நாற்பது வரை, அறுபது வரை, அறுபதுக்கு மேல் என்று மூன்று படிகள் உண்டு. இதை எல்லோரும் மேலோட்டமாக அறிந்திருந்தோம். அமர்வை நடத்தியவரோ பங்கேற்பாளர் ஒருவரின் கட்டுரைச் சுருக்கத்தை வாங்கி, மென்பொருள் சிவப்பாகக் காட்டும் இடங்களில் எது உண்மையான திருட்டு, எது துறையின் வழக்கமான சொற்றொடர் என்று வரி வரியாகப் பிரித்துக் காட்டினார். அந்தப் பங்கேற்பாளர் சிரித்துக்கொண்டே தன் கட்டுரையைத் தந்தார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். எனக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

மற்ற அமர்வுகளில் பாதியை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடலாம்: 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையிலிருந்து பத்திகளை எடுத்துப் படவில்லையில் ஒட்டி, அவற்றை வாய்விட்டுப் படித்தார்கள். மூன்று வல்லுநர்கள் ஒரே பத்தியைப் படித்தபோது, முன்பு பேசியவர் என்ன பேசினார் என்பதை அடுத்தவரிடம் யாரும் சொல்வதில்லை என்பது விளங்கியது. சிலர் ஆங்கிலத்தில் தொடங்கி, ஆர்வம் மிகும்போது இந்திக்கு மாறினார்கள். தென்னகத்தார் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அப்போதெல்லாம் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஊகங்களைப் பரிமாறிக்கொண்டோம். அறிவிப்பில் பயிற்சி மொழி இன்னது என்று ஒரு வரி இருந்திருக்கலாம்.

வருகைப் பதிவு ஒரு தனிக்கலை. ஒவ்வோர் அமர்வின் கடைசிப் பத்து நிமிடத்தில் கூகுள் படிவத்தின் இணைப்பு அரட்டைப் பெட்டியில் விழும். அதற்குள் நிரப்பாவிட்டால் அந்த அமர்வு கணக்கில் வராது. மாலை நாலு ஐம்பதுக்கு, அதுவரை பெயர்ப் பலகைகளாக உறங்கிக் கிடந்த திரை உயிர்பெறும். "இணைப்பு திறக்கவில்லை", "மீண்டும் அனுப்புங்கள்" என்று செய்திகள் பறக்கும். யாரோ ஒருவரின் ஒலிவாங்கி வழியாகக் குக்கர் விசில் கேட்கும். இறுதித் தேர்வு முப்பது பலவுள் தெரிவு வினாக்கள். நான் ஏ கிரேடு பெற்றேன். எல்லோரும் பெற்றார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இதைப் பழைய முறையோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. நான் பணியில் சேர்ந்த புதிதில் ஓரியண்டேஷன் என்பது நான்கு வாரம், 24 வேலைநாள், 144 மணி நேரம். புத்தொளிப் பயிற்சி மூன்று வாரம், 18 வேலைநாள், 108 மணி நேரம். வெளியூர் விடுதியில் இருவருக்கு ஓர் அறை. பகல் வகுப்புகளில் பாதி மறந்துவிட்டது. ஆனால் அறைத்தோழராக வாய்த்த பொருளியல் ஆசிரியர் இரவு பதினொரு மணிக்குக் கொசுவலைக்குள் இருந்தபடி, தன் முதல் தலைமுறை மாணவர்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று சொன்னவை மறக்கவில்லை. இணையவழிப் பயிற்சியில் அந்த இரவு இல்லை. அதே நேரத்தில், எங்கள் துறையில் கைக்குழந்தையோடு இருக்கும் சக ஆசிரியை ஒருவர், "அண்ணா, இது மட்டும் ஆன்லைனில் இல்லையென்றால் என் புரமோஷன் இன்னும் மூன்று வருஷம் தள்ளிப்போயிருக்கும்" என்றார். அக்காலத்தில் ஒரு மாதம் வீட்டைவிட்டு வர முடிந்தவர்கள் யார், முடியாதவர்கள் யார் என்பதை எங்கள் விடுதியின் தாழ்வாரத்தில் நின்று பார்த்தாலே தெரிந்திருக்கும். ஆண்கள் தளம் நிரம்பி வழிந்தது, பெண்கள் தளத்தில் பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன. ஆகவே நேரடிப் பயிற்சியே உயர்ந்தது என்று நான் தீர்ப்பெழுதத் தயாரில்லை.

ஆனால் கையால் செய்ய வேண்டியதைக் கையால்தான் கற்க வேண்டும். இந்திய அறிவியல் அகாதமி, இந்தியத் தேசிய அறிவியல் அகாதமி, தேசிய அறிவியல் அகாதமி ஆகிய மூன்றும் சேர்ந்து கல்லூரிகளில் நடத்தும் சோதனை இயற்பியல் புத்தொளிப் பயிற்சியை எங்கள் துறையினர் பலர் அறிவர். பேராசிரியர் ஆர். சீனிவாசன் வடிவமைத்தது. இரண்டு வாரமும் விரிவுரை குறைவு, ஆய்வகமே மிகுதி. கருவிகள் ஒரு தொகுதியாக வரும்; அதே மின்னோட்ட மூலத்தையும் அதே மின்னழுத்தமானியையும் வைத்துக்கொண்டு பித்தளையின் வெப்ப விரவுதிறன் ஒருநாள், செம்பின் மின்தடை வெப்பக் கெழு இன்னொருநாள் என்று மாற்றி மாற்றி அளக்க வேண்டும். பித்தளைத் தண்டின் ஒரு முனையைச் சூடாக்கி, வெப்ப அலை அடுத்த புள்ளிக்கு எவ்வளவு தாமதமாக, எவ்வளவு மெலிந்து வந்து சேர்கிறது என்று இரண்டு மணி நேரம் குறிப்பெடுத்தேன்; கணக்கிட்டபோது விடை புத்தக மதிப்பில் பாதிகூட வரவில்லை. மறுநாள் காலை தொடர்புக் கம்பி ஒன்று தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து மீண்டும் முதலிலிருந்து அளந்தேன். பதினைந்து ஆண்டுகளாக மாணவர்களிடம் "ரீடிங் சரியாக எடு" என்று அதட்டிய எனக்கு, தவறான அளவீட்டோடு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பது அன்றுதான் நினைவுக்கு வந்தது. இயற்பியல் ஆசிரியர் யாராவது இதைப் படித்தால், அந்த அறிவிப்பு எப்போது வந்தாலும் விடாதீர்கள்.

என்பிடெல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய திட்டம். இப்போது மத்திய அரசின் ஸ்வயம் என்னும் இணையப் படிப்புத் தளத்தின் ஒரு பகுதி. சேர்வதற்குக் கட்டணமில்லை; தேர்வெழுத விரும்புவோர் மட்டும் கட்டணம் செலுத்தி, குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் போக வேண்டும். வாராந்திர ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வுக்கு 75; முன்னதில் 10, பின்னதில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். நான் எட்டு வாரப் படிப்பு ஒன்றில் சேர்ந்து, ஒப்படைப்பை இரண்டு முறை தவறவிட்டுத் திண்டாடினேன். தேர்வு மையத்தில் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி என் முன்னாள் மாணவி அமர்ந்திருந்தாள். "சார், நீங்களுமா?" என்றாள். ஆனால் இங்கே வாங்கிய மதிப்பெண்ணை வைத்து எனக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை ஓரளவு நம்பிச் சொல்ல முடிந்தது. முப்பது பலவுள் தெரிவு வினாக்களை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

இதுவரை பேசியதெல்லாம் ஆசிரியரைப் பற்றி. பல்கலைக்கழகப் பணியாளர் என்றால் ஆசிரியர் மட்டும்தானா? பழைய மனிதவள மையங்களின் நிகழ்ச்சி நிரலில் ஆசிரியரல்லாப் பணியாளருக்கான குறும்பயிற்சிகளும் இடம்பெற்றிருந்தன. அவ்வறிவிப்புகள் ஆசிரியர் குழுக்களில் சுற்றுவதில்லை. அலுவலகத்துக்கு வந்தால் கோப்பில் போகும். எங்கள் ஆய்வக உதவியாளருக்கு 22 ஆண்டுப் பணி. அலைவுகாட்டி பழுதானால் நாங்கள் முதலில் தேடுவது அவரைத்தான். இத்தனை ஆண்டில் அவர் போன ஒரே பயிற்சி, தீயணைப்புக் கருவியை இயக்குவது. அதுவும் அரை நாள். பதவி உயர்வோடு முடிச்சுப் போடாததால் அவரை அனுப்ப யாருக்கும் அவசரமில்லை, கேட்க அவருக்கும் வழியில்லை.

முதலில் பயிற்சி, பிறகு பதவி உயர்வு என்ற இந்த வரிசை நாட்டு நலப்பணித் திட்டத்தில் தலைகீழாக நடக்கிறது. அங்கே முதலில் பொறுப்பைத் தருகிறார்கள்: நூறு தன்னார்வலர் கொண்ட ஓர் அணி, ஆளுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம். பிறகுதான் திட்ட அலுவலருக்குப் பயிற்சி. நான் அந்தப் பொறுப்பிலிருந்தபோது போன பயிற்சியில் யாரும் தூங்கவில்லை. அடுத்த மாதம் முகாமுக்கு வருபவர்களுக்கெல்லாம் கிராமத்தில் சோறும் கழிப்பிடமும் ஏற்பாடு செய்ய வேண்டியவர் எப்படித் தூங்குவார்?

இரண்டு வார இணையவழிப் பயிற்சிக்கு ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் கொடுப்பேன். அந்த வினாத்தாள் அமர்வு இல்லையென்றால் இன்னும் குறைந்திருக்கும். போகப்போகிறவர்கள் பொருளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தேதி மட்டும் ஒத்துவருகிறது என்று சேராதீர்கள். முடிந்தால் வகுப்பில்லாத நாட்களில், அதாவது தேர்வு முடிந்து அடுத்த பருவம் தொடங்கும் முன் சேருங்கள். பணிநேரத்தில் ஆன் டியூட்டி பெற்றும் ஆசிரியர் அறையிலேயே உட்கார்ந்து கேட்டால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மாணவர் பதிவேட்டோடு வந்து நிற்பார். பயிற்சி மொழியை முன்பே மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு இன்னொரு பயிற்சி பாக்கி இருக்கிறது. மே மாத விடுமுறையில் வரும் ஆய்வகப் பயிற்சி ஒன்றுக்குப் போகலாம் என்று ஆய்வக உதவியாளரிடம் சொன்னேன். "கருவியைப் பிரித்துக் காட்டினால் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள் சார்" என்றார். பரிந்துரைக் கடிதத்தை இம்முறை மார்ச் முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். இன்னும் கையெழுத்தாகவில்லை.